தகுந்தபடி

ஐந்தரைக்கு எழுந்தான். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரண்ட் வந்திருக்கிறதா என்று பார்த்தான். வரவில்லை. மறுபடி போட்டான். பல் தேய்த்தான், குளித்தான். சமையல்காரி மேசையில் வைத்திருந்த சோளக் கஞ்சியில் பாதியைக் குடித்தான். பயறு வடையில் ஒன்றைத் தின்றான். டிரைவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டான். ஆறே முக்காலுக்கு மார்ச்சுவரி, ஏழு மணிக்குத் தொழிற்சாலை. ஐந்து மாதமாக ஒபியோராவின் காலை இதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொழிற்சாலைக்குப் பதில் சர்ச்.

மார்ச்சுவரிக்கு உள்ளே அவன் போவதில்லை. முதல் வாரம் போனான், பிறகு முடியவில்லை. வாசலில் சிமென்ட் பெஞ்சு இருந்தது. அதில் பத்து நிமிடம் உட்கார்வான். எதிர்ச் சுவரில் அவன் பெயர் பொறித்த பளிங்குக் கல். இரண்டாம் மாதத்தில் இங்கே கரண்ட் சரியில்லை என்று கேள்விப்பட்டதும் ஒரு பெரிய ஜெனரேட்டரை வாங்கிக் கொடுத்திருந்தான். மறு வாரமே கல்லைப் பதித்துவிட்டார்கள்.

"வாங்க சேர்மன், மேடம் சௌக்கியம்" என்றான் மார்ச்சுவரியைப் பார்த்துக்கொள்ளும் சண்டே. கிறிஸ்துவ ஊரில் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன். அதற்கு மேல் யாரும் அவனுக்குப் பெயர் யோசிக்கவில்லை.

"சரி."

"உங்க ஜெனரேட்டர் வந்தாலும் வந்துச்சு, டிசம்பர் வரைக்கும் இடமே இல்ல. நேத்து ஒருத்தர் அவங்க அப்பாவைக் கொண்டாந்து விட்டுட்டு, 'அவசரமில்லப்பா, மெதுவா எடுத்துக்கறோம்'ங்கறார். இது மார்ச்சுவரியா லாட்ஜா சேர்மன்?"

ஒபியோரா சிரிக்கவில்லை. சண்டேயும் எதிர்பார்க்கவில்லை.

ஒலன்மா ஏப்ரலில் இறந்தாள். முப்பத்தொரு வயது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததென்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் பங்காளிகள் எல்லாரும் சித்தப்பா எசென்வா வீட்டில் கூடினார்கள். சபை கூடினால் தருகிற கோலா கொட்டை உடைபட்டுத் தட்டில் சுற்றி வந்தது. சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "உன் பொண்டாட்டிய எப்படி அடக்கம் பண்ணணும்னு நினைக்கறே?" மூன்று நாளாகத் தூங்காதவன், "அவளுக்குத் தகுந்தபடி பண்ணிடலாம் சித்தப்பா" என்றான். அவன் மனதில் இருந்தது அந்த வாரமே வரும் வெள்ளிக்கிழமை. அவள் பாடிய சின்ன சர்ச், அவள் அக்கா தங்கைகள், வந்தவர்களுக்குத் தக்காளிச் சோறு, பகல் மூன்று மணிக்குள் முடிந்துவிட வேண்டும். கல்யாண வீடுகளில் முதல் வாழ்த்துரை முடிவதற்குள் கார்ச் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறவள் அவள். ஆனால் நெவி மாதிரி ஊரில், இருநூற்று நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிற ஒருவன் வாயிலிருந்து 'தகுந்தபடி' என்ற சொல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ கைதட்டினார்கள். யாரோ ஒரு நோட்டை எடுத்தார்கள். கோலா தட்டு காலியாவதற்குள் அடக்க விருந்துக்குப் பன்னிரண்டு காளைகள் என்று முடிவாகியிருந்தது.

அதற்கப்புறம் ஒன்றுக்குள்ளிருந்து ஒன்று வந்தது. சொந்த ஊரிலிருக்கும் ஓட்டு வீட்டிலிருந்தா இப்பேர்ப்பட்டவன் மனைவியை எடுப்பது? மாடி எழும்பியது. மாடி எழும்பிய பிறகு, அங்கே கார்கள் எப்படி வரும் என்ற கேள்வி வந்தது. மெயின் ரோட்டிலிருந்து வீடுவரை தார் போட வேண்டும். மழைக்காலத்தில் தார் நிற்காது. மழை நவம்பரில் விடும். நவம்பர் வரை பொறுத்தவர்கள் இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் லாகோஸிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஊர்ச்சனம் முழுக்கக் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடும். டிசம்பர் இருபத்தெட்டு என்று குறித்தார்கள். எந்த இடத்திலும் குறுக்கே நின்று இது அநியாயம் என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு உலோமா தொழிற்சாலைக்கு வந்தாள். ஒலன்மாவின் அக்கா, பள்ளித் தலைமையாசிரியை. அங்கே தயாராகும் வண்டி பிரேக் லைனிங் வேகும் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே மாடியேறி வந்தாள். அந்த நாற்றம் அவள் தங்கையுடையது. ஒரு தகரக் கொட்டகையும் ஒரு அழுத்து இயந்திரமுமாக இருந்த நாளில், வேதியியல் படித்த ஒலன்மா பழைய வாணலியில் பொடிகளைக் கலந்து கலந்து கண்டுபிடித்த கலவை. இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

"என்ன மாப்பிள்ளை, எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க. பணக்காரங்களே இப்படி இருந்தா நாங்கல்லாம் யாரைப் பார்த்துப் பொறாமைப்படறது?"

"உட்காருங்க அக்கா."

அவள் ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தாள். அடக்கத்தன்று கொடுக்கப்போகும் நினைவு மலர், அறுபத்து நான்கு பக்கம். டிசம்பரில் ஊரில் பாதி வீட்டில் அடக்கம் இருக்குமாம், இப்போதே கொடுத்தால்தான் அச்சாகுமாம். ஒபியோரா புரட்டினான். அமைச்சர் ஒருவரின் இரங்கல். காளைகள் கொடுத்தவர்கள் பெயர்கள். ஏழாம் பக்கத்தில் 'இறுதி மொழிகள்' என்ற தலைப்பின் கீழ்: என் அன்புக் கணவரையும் அவர் கைகளின் உழைப்பையும் ஆண்டவரிடம் ஒப்படைக்கிறேன்.

"இது யார் சொன்னது?"

"ஒலன்மா."

"எப்போ?"

"பாருங்க, எல்லார் மலர்லயும் இந்தப் பக்கம் இருக்கு. காலியா விட்டா, சாகறப்போ புருஷன் கூட இல்லையான்னு கேப்பாங்க."

"கூடத்தான் இருந்தேன்."

"தெரியும். அப்போ அவ சொன்னதச் சொல்லுங்க, அதையே போட்டுடறேன்."

அவன் பேனா மூடியைத் திறந்தான், மூடினான். உலோமா காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்தாள்.

"அம்மா இன்னும் தரையிலதான் படுக்கறாங்க. பொண்ணு மண்ணுக்குள்ள போறவரைக்கும் கட்டில்ல ஏற மாட்டாங்களாம். ரெண்டு காலும் வீங்கிக் கெடக்கு. நீங்க மாடி கட்டற வேகத்துக்கு, அம்மாவையும் சண்டேகிட்ட கொண்டுபோய் விட வேண்டியதுதான். ஒரே செலவாப் போகும்."

வாசல்வரை போனவள் திரும்பி, "உங்களச் சொல்லல மாப்பிள்ளை" என்றாள். அவனைத்தான் சொன்னாள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

மதியம் அவன் சொந்த ஊருக்குக் காரை ஓட்டினான். மெயின் ரோட்டோடு தார் முடிந்தது. அதற்கப்பால் செம்மண் குழம்பு. காரை ஓரமாக விட்டுவிட்டுப் பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்தான். மழை நின்றும் நிற்காமலும் இருந்தது. புது வீட்டுத் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சித்தப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டைல்ஸ் போடுகிறவன். ஒபியோராவுக்கு முதல் கடையைக் கொடுத்தவர் சித்தப்பா. அதை அவர் எங்கும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லாமல் இருப்பதே போதுமானதாக இருந்தது.

"சித்தப்பா, வெள்ளிக்கிழமை அவள எடுத்துடலாம்னு இருக்கேன்."

"எந்த வெள்ளி?"

"இந்த வெள்ளி."

சித்தப்பா டைல்ஸ்காரனைப் பார்த்தார். "கேட்டியா? இந்த வெள்ளியாம். நீ எப்போ முடிப்பே?" டைல்ஸ்காரன் சிரித்தான். "மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடியே வெக்கலடா" என்றார்.

"மாடியிலயா புதைக்கப் போறோம்?"

"வாயும் உன் பொண்டாட்டி வாய் மாதிரியே ஆயிடுச்சு உனக்கு." டைல்ஸ்காரனைப் போகச் சொல்லி, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் இறங்கியது. "உனக்கு வயசு என்ன?"

"முப்பத்திநாலு."

"முப்பத்திநாலு வயசுல இவ்வளவு பணம் எங்கேருந்து வந்துச்சு?"

"பிரேக் லைனிங் வித்து."

"எனக்குத் தெரியும். ஊருக்கு? சின்ன வயசு, பெரிய பணம். நோயில்ல நொடியில்ல, பொண்டாட்டி திடீர்னு விழறா. நீயும் வெள்ளிக்கிழமை மூணு மணி நேரத்துல மண்ணத் தள்ளி மூடிட்டு வந்துடறே. என்ன சொல்லுவாங்க? நீயே சொல்லு."

அந்தச் சீமையில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பணத்துக்காக மனைவியைக் காவு கொடுத்தான் என்பார்கள். பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒருவன் மனைவி செத்து ஒரு வாரத்துக்குள் புதைத்தான். அதற்கப்புறம் அவன் வீட்டில் யாரும் பச்சைத்தண்ணீர் குடித்ததில்லை. ஊரை விட்டே போய்விட்டான். ஒபியோரா பெயர் கெட்டால் இருநூற்று நாற்பது குடும்பம் தெருவுக்கு வரும். ஒலன்மாவின் அம்மாவே ஒரு நாள் அவனை அப்படிப் பார்க்கக்கூடும்.

"நானா சொன்னேன்? சபையில நீதானே தகுந்தபடின்னு சொன்னே."

"நான் சொன்னது வேற, சித்தப்பா."

"வார்த்தை ஒண்ணுதானேடா." சித்தப்பா உண்மையான பரிவோடு அவன் முழங்காலில் கை வைத்தார். "பங்காளிங்க இல்லாம குழி யார் வெட்டுவா?"

"நான் வெட்டறேன்."

சித்தப்பா அவன் கைகளைப் பார்த்தார். உள்ளே திரும்பி, இன்னும் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். நாற்காலி வந்தது. அவன் உட்கார்ந்தான். டைல்ஸ் மாதிரிகள் இரண்டை அவன் மடியில் வைத்து, எது நல்லாயிருக்கு என்று கேட்டார். சாம்பல் நிறத்தைக் காட்டினான். "இதான் எனக்கும் தோணிச்சு" என்று சித்தப்பா மகிழ்ந்துபோனார்.

காருக்குத் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. வைப்பரைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. போன் அடித்தது.

"பிரஸ்ல நிக்கறேன் மாப்பிள்ளை. ஏழாம் பக்கத்துக்காக மெஷின் நிக்குது. நான் எழுதினதே இருக்கட்டுமா?"

"வேண்டாம்."

"அப்போ சொல்லுங்க. அவ என்னதான் சொன்னா?"

அவள் இறந்த அன்றைக்குத்தான் ஊர் அவனுக்குச் சீஃப் என்ற பெரிய மனிதர் பட்டம் கட்ட இருந்தது. சித்தப்பாவின் தையல்காரர் தைத்தனுப்பிய சிங்கத்தலை பொறித்த சட்டை, பவள மாலை, சிவப்புத் தொப்பி. எல்லாம் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். குளித்துவிட்டு வந்த ஒலன்மா தலையில் சீப்போடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு ஒன்று சொன்னாள். அவன் அலமாரிப் பக்கம் திரும்பி மூன்று பொத்தான்களை அவிழ்த்தான். பின்னால் ஏதோ விழுந்தது. சீப்பு என்று நினைத்தான்.

"மாப்பிள்ளை? பேனா எடுத்துட்டேன். சொல்லுங்க."

இந்தப் புத்தகம் மூவாயிரம் பிரதி. சபையில் முதல் பிரதி சித்தப்பா கையில்தான் கொடுப்பார்கள். ஒபியோரா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எழுதிக்கொள்ள நேரம் கொடுத்துச் சொன்னான்.

"அதக் கழட்டிப் போடு, ஒபி. அப்படியே உங்க சித்தப்பா மாதிரி இருக்கே."