அறுநூற்று ஐம்பது மில்லி

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். திடீரென்று முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். "சாமி மலையேறிடுச்சு" என்று அவள் கணவர் கேலி செய்வார். மாமாவோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன், வெட்கமில்லாமல்.

விலாவில் வலி என்று எடுத்த ஸ்கேனில், சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் எலுமிச்சை அளவுக்கு நீர்க்கட்டி தெரிந்தது. ஸ்கேன் டாக்டர் நிதானமாக விளக்கினார். அங்கே நீர்க்கட்டி வருவது அபூர்வம். வந்தாலும் பலருக்கு எந்தத் தொல்லையும் இராது. சில, நிணநீர்க் குழாயின் சுவரிலிருந்து ஊதி வருபவை. சில, எப்போதோ சுரப்பிக்குள் கசிந்த இரத்தம் விட்டுப்போன வெறும் பை. அவற்றின் உட்புறம் படலமே இருக்காது. அபூர்வமாகச் சுரப்பிச் செல்களிலிருந்தும் வரும், புழுவாலும் வரும். புழு இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு பயம்தான். அட்ரினலினைக் கொட்டும் கட்டி ஒன்று, உள்ளே கரைந்து நீர்க்கட்டி வேஷம் போடும். அதில் ஊசி பட்டால் இரத்த அழுத்தம் எகிறி ஆளையே கொண்டுபோய்விடும். ஒரு நாள் முழுவதும் கழிக்கும் சிறுநீரில் அட்ரினலின் கழிவை அளந்து பார்ப்போம், சரியாக இருந்தால் ஊசியால் நீரை எடுத்துவிடலாம் என்றார்.

அதை அளக்கும் ஆய்வுக்கூடத்தில்தான் எனக்கு வேலை. கேனை நானே கொடுத்து, ஒரு சொட்டு விடாமல் பிடிக்கச் சொன்னேன். திரும்பி வந்தபோது அதில் அறுநூற்று ஐம்பது மில்லிதான் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் இருக்க வேண்டும். வேறு யாருடையதாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். அப்படி எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்! அக்கா தண்ணீரைக் கண்டால் ஓடுகிறவள், அவ்வளவுதான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். முழுவதும் சேர்ந்ததா என்று காட்டிக்கொடுக்கும் கிரியாட்டினினையும் பார்க்கவில்லை. கழிவின் அளவு எல்லைக்குள், மேல் விளிம்பை ஒட்டி நின்றது. கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை அக்காவை ஊசியால் நீர் எடுக்கும் அறைக்குள் அழைத்துப் போனார்கள். வெளியே பெஞ்சில் மாமாவும் நானும் உட்கார்ந்தோம். பயம் வந்தால் மாமாவுக்கு வாய் ஓயாது. பழைய கதைகள் தீர்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ ஸ்கூலுக்கு அந்தக் கேனைத் தூக்கிட்டுப் போகல. கூட வேலை பார்க்கிற டீச்சருங்க எல்லாம் பார்ப்பாங்கன்னு வெட்கம். வீட்ல போனதை மட்டும்தான் பிடிச்சா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கத்துவியாம். அதான் சொல்லாதீங்கன்னா."

பகல் முழுவதும் போனது கணக்கில் இல்லை. பாதியே விளிம்பைத் தொட்டிருந்தது என்றால் முழுசு எங்கே போய் நிற்கும்? கணக்குப் போட எனக்கு ஒரு நொடி போதும். அதை அன்றே போட்டிருக்க வேண்டும். எழுந்து ஓடிப்போய் இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன்.

நர்ஸ் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"ஊசி போடாதீங்க. ரிப்போர்ட் தப்பு. நான் போட்ட ரிப்போர்ட்."

அவர் திரும்பிப் பார்த்தார். ஊசி ஏற்கெனவே இறங்கியிருந்தது. உள்ளே அக்கா, தலை வெடிக்கிறது என்று முனகினாள். அழுத்தம் எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். யாரோ சொன்னார்கள். அவர் நம்பாமல் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்.

இரண்டாம் முறை சொன்ன எண் முதலாவதைவிட அதிகமாக இருந்தது.