ஜாடியில் இருக்கும் குரல்கள்

எங்கள் உளவுத்துறையிடம் ரகசியம் கேட்டறியும் சட்டமன்ற உறுப்பினர், தன் குரலை எங்களிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த ரகசியம் ஊருக்குத் தெரியும்வரை குரல் ஊறுகாய் ஜாடியில் இருக்கும். அதுவரை அவரால் எழுதவும் முடியாது. பேனா தாளில் ஓடும், எழுத்து விழாது.

ஜாடிகளைப் பார்த்துக்கொள்ளும் தொடர்பு அதிகாரி நான். உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன் என்று மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்கள். ஒரு வாரம் வந்து செய்து பார்க்கட்டும். ஆளுங்கட்சி ஜாடியையும் எதிர்க்கட்சி ஜாடியையும் ஒரே அலமாரித் தட்டில் வைத்தால் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன முடியாது, அவ்வளவு சத்தம். தொண்டை கட்டாமலிருக்க எல்லாவற்றிலும் காலையில் பனங்கற்கண்டு போட வேண்டும். குரலில்லாத உறுப்பினர்கள் சபையில் மேசையைத் தட்டுவார்கள். அதுவே போதுமானதாக இருந்து வந்தது.

அமலோற்பவம் கீழ்ப்பாக்குடித் தொகுதியின் உறுப்பினர். திங்கட்கிழமை துணை இயக்குநர் கிருபாநிதி அவரை உட்காரவைத்து, கீழ்ப்பாக்குடி ஏரிக்கரை வியாழன் மாலை உடையும் என்று சொன்னார். வெள்ளிக்கிழமை அமைச்சர் அந்த ஏரியில் படகு விடுவதாக அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, அதனால் விழா முடியும்வரை இது ரகசியம். அமலோற்பவம் ஜாடியில் குரலை விட்டுவிட்டுப் போனார்.

வியாழன் காலையில் திரும்பி வந்தார். உரியவர் எதிரில் வந்து நின்றால் அவர் நினைப்பதை ஜாடிக்குள்ளிருந்தே குரல் பேசும்.

“கரைக்குக் கீழதான் சார் ஊரே இருக்கு. என்னைத் திறந்து விடுங்க.”

கிருபாநிதியிடம் ஓடினேன். ரகசியம் முடியாமல் ஜாடியைத் திறக்க விதியில்லை என்றார். ஊர்க்காரர்களிடமாவது சொல்லலாமே என்றேன். அத்தனை பேருக்கும் ஜாடிக்கு எங்கே போவது என்று கேட்டுவிட்டு டீயை ஆற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வரும்போது விதிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உறுப்பினரின் குரலைத் தொடக் கூடாது. அதிகாரியின் குரலைப் பற்றி ஒன்றுமே இல்லை. எங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை, அதனால் எழுதாமல் விட்டிருப்பார்கள். ஆனால் நான் சொன்னால் யாரும் பேருந்து அனுப்ப மாட்டார்கள், சபையில் அதிகாரி எழுந்து பேசவும் முடியாது. அமலோற்பவத்தை வாயைத் திறக்கச் சொல்லி, என் குரலை அவருக்குக் கொடுத்தேன். லேசாக இருமினார், அவ்வளவுதான்.

சபையில் அதிகாரிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அமலோற்பவம் எழுந்து எழுந்து நின்றார். சபாநாயகர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மதியமும் தாண்டிவிட்டது. அவரைப் பாருங்கள் என்று கத்தலாமென்றால் என்னிடம் குரல் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவர் அனுமதிக்குக் காத்திராமல், என் ஜலதோஷத்தோடு சேர்த்து என் குரலில் பேசினார்.

“இன்னிக்குச் சாயங்காலம் கீழ்ப்பாக்குடி ஏரிக்கரை உடையப் போகுது. இப்பவே ஊரைக் காலி பண்ணுங்க.”

அம்மையாருக்கு வெந்நீர் கொடுக்கச் சொன்னார் சபாநாயகர். பேருந்துகள் புறப்பட்டன. மாலையில் கரை உடைந்தது. தண்ணீர் வீடு வீடாகப் போனது, எந்த வீட்டிலும் ஆள் இல்லை. செய்தி வந்ததும் அழுதேன். சத்தம் வரவில்லை.

ரகசியம் முடிந்துவிட்டதால் ஜாடியைத் திறந்தேன். குரலில்லாத தொண்டை எது பக்கத்தில் இருக்கிறதோ அதில்தான் அது போய் உட்காரும். என்னுடையதில் உட்கார்ந்தது. அமலோற்பவம் வருத்தப்படவில்லை. என் குரல் தனக்கு வசதியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலையில் கீழ்ப்பாக்குடி மக்கள் தங்கள் உறுப்பினரின் குரலைத் தேடி என் வீட்டு வாசலில் மனுக்களோடு நின்றார்கள். என் மனைவி கோமளா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். சேறு அள்ள ஆள் அனுப்புவதாக அமலோற்பவத்தின் குரலில் வாக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை கிருபாநிதி என்னை “வாங்க மேடம்” என்று அழைத்து, உறுப்பினர் நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு ரகசியத்தைச் சொன்னார். எங்கள் தெருவைப் பற்றியது, அன்று மாலையே நடக்கப்போவது. அந்த நேரத்தில் கோமளா மொட்டை மாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருப்பாள்.

காலி ஜாடியைக் கையில் ஏந்தியபடி தொடர்பு அதிகாரி வந்தார். அமலோற்பவம்தான். நான் குனிந்து வாயைத் திறந்தேன். மூடியை இறுக்குவதற்கு முன் அவர் மறக்காமல் கொஞ்சம் பனங்கற்கண்டு போட்டார்.