சேரப்பணஞ்சேரி ஏரியில் சிவப்புக் கொடி

ஒரகடத்துத் தொழிற்சாலைகளெல்லாம் இன்னும் கூரையோடு நிற்பதற்கு நான்தான் காரணம் என்று சொன்னால் என் மனைவி பாப்பம்மாள் சிரிப்பாள். சிரிக்கட்டும். பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற இந்த தசரதன் விசில் ஊதினால், சுங்குவார்சத்திரத்தில் டீ ஆற்றுகிறவரின் கை அந்தரத்தில் நிற்கும். அதனால்தான், படகு இன்ஜின் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி பொங்கல் விளையாட்டு விழாவுக்கு என்னை அழைத்தது. சேரப்பணஞ்சேரி ஏரியில் ஜெட் ஸ்கீ பந்தயம். தண்ணீரில் ஓடுகிற ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டப்போகிறவர்கள் கம்பெனியில் பயிற்சியில் இருந்த ஆறு பெண்கள். முதல் இரண்டு இடத்துக்கு, வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் பிரிவில் நிரந்தர வேலை. மற்றவர்களுக்கு அந்த மாதத்தோடு பயிற்சி முடிகிறது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவர்களில் சுகப்பிரியா திருநெல்வேலிப் பக்கம். "தோத்துட்டு ஊருக்குப் போனா பீடி சுத்தணும் சார். எங்கம்மா இப்பவே எனக்கு ஒரு முறம் எடுத்து வச்சிருக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கண் மட்டும் சிரிக்காது.

ஓட்டுவதைச் சொல்லித்தந்தது கோவளத்து ரகுபதியின் ஆட்கள். அவர்தான் பந்தயத்தின் தலைமை நடுவர், என் மகன் வயது. ஆபத்தில் என்ன செய்வது என்ற பாதுகாப்புப் பாடம் மட்டும் என் இலாகா. லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், மணிக்கட்டில் மாட்டும் கயிறு. ஆள் விழுந்தால் அந்தக் கயிறு பிடுங்கிக்கொண்டு வந்து இன்ஜினை நிறுத்திவிடும். மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது, சிவப்புக் கொடி என்றால் பந்தயமே நின்றது. இவ்வளவோடு நான் வாயை மூடியிருக்கலாம். என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். "ஆபத்தா? யோசிக்காத. கையை எடு, நிறுத்து, கையைத் தூக்கு!" தொழிற்சாலை லைனில் எத்தனையோ விரல்களைக் காப்பாற்றிய மந்திரம் அது. ஹாஸ்டல் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்காரவைத்து நான் விசில் ஊதினால், பன்னிரண்டு கைகளும் ஒன்றாக மேலே போகும். அந்தக் காற்றில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் வரை பறந்தது என்றால் நம்புங்கள்.

பந்தயத்தன்று காலையில் ரகுபதி வந்தார். "சார், ஓட்டறதுக்கு முன்னாடி எல்லாரையும் கூப்ட்டு ஒரு வாட்டி நான் பேசணும். விதி அது."

"தம்பி, நான் சொன்னதுக்கு மேல நீங்க இன்னா புச்சா சொல்லப் போறீங்க? வுடுங்க, லேட்டாவுது."

என் நரைக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டார்.

நான் மீட்புப் படகில் ஏறி நின்றேன். கரையில் பாதி தமிழ்நாடு கூடியிருந்தது; குறைத்துச் சொன்னாலும் ஐந்நூறு பேர். கொடி இறங்கியதும் ஆறு வண்டிகளும் ஏரியைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தன. முன்னால் வேல்விழி, அவளை ஒட்டி சுகப்பிரியா. முதல் மிதவையைச் சுற்றும்போது வேல்விழி வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். நான் வீரமாகப் படகை அவளை நோக்கி விடச் சொன்னேன்.

பின்னால் வந்த சுகப்பிரியா வேல்விழியைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்தபடியே ஆக்ஸிலேட்டரை விட்டாள். ஒரு கையைத் தூக்கினாள். இன்னொரு கையால் ஹேண்டிலை முழுக்க ஒடித்தாள். வண்டி திரும்பவில்லை. வேல்விழியின் ஹெல்மெட்டை ஒரு சாண் இடைவெளியில் தாண்டி, நேராக வந்து என் படகின் விலாவில் மோதியது. நான் ஒரு பனைமர உயரம் எழும்பித் தண்ணீரில் விழுந்தேன். என்னைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியது யார் தெரியுமா? நான் காப்பாற்றப் போன வேல்விழி.

சிவப்புக் கொடி ஏறியது. ஷாமியானாவுக்குள் விசாரணை. ரகுபதியின் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா ஆக்ஸிலேட்டரை வுட்ட? வண்டியைத் திருப்புறது ஹேண்டில் இல்ல, பின்னாடி பீய்ச்சுற தண்ணி. கையை வுட்டா தண்ணி நின்னுடும், வண்டி திரும்பாது. எதைப் பாத்து பயந்தியோ அதும்மேலயே நேரா போகும். ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தா இந்தப் பொண்ணு இன்னிக்கு இல்ல!"

அதை நான் முதன்முறையாகக் கேட்டேன். சட்டையிலிருந்து ஏரி சொட்டிக்கொண்டிருந்தது.

சுகப்பிரியா தலை குனிந்தாள். "என் தப்புதான் சார்."

ரகுபதி என் பக்கம் திரும்பினார். "நீங்க இதைச் சொல்லிக் குடுத்தீங்க இல்ல சார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. "பின்ன? சொன்னேனே. பதட்டத்துல மறந்துட்டா."

அவளைப் பந்தயத்திலிருந்து நீக்கினார்கள். மற்ற ஐவரை வைத்து முதலிலிருந்து நடத்துவது என்று முடிவானது.

நான் ஷாமியானாவுக்குப் பின்னால் நின்று துண்டால் தலை துவட்டினேன். துவட்டுவதற்கு அங்கே முடியும் அதிகமில்லை. முகத்தை மறைக்க அது உதவியது. சுகப்பிரியா தேடிக்கொண்டு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"சார், நீங்க அதச் சொன்னது என்னைக்கு? எனக்கு ஓவர்டைம் இருந்த அன்னைக்கா? அவளுகட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்திக்கும் ஞாபகம் இல்லங்காளுவ. நாங்க ஆறு பேரும் எப்படி சார் மறந்தோம்?"

அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. தன்னையே சந்தேகித்தாள். என் பொய் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மாற்றுச் சட்டையோடு வந்த பாப்பம்மாள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாயா, ஆறு பொண்ணுங்களுக்கும் ஒண்ணா ஞாபகம் போச்சா? இன்னா வியாதியா அது? உன் வாய்லேந்து தொத்திக்கிச்சா?"

நான் சட்டையை வாங்கவில்லை. ஈரத்தோடே நடந்தேன். வண்டிகள் புறப்படும் வரிசையில் நின்றன, ரகுபதியின் ஒரு கையில் கொடி, இன்னொரு கையில் மைக்.

"தம்பி, நிறுத்துங்க. நான் அதைச் சொல்லிக் குடுக்கல. எனக்கே தெரியாது. கையை வுட்டுத் தூக்குன்னு சொன்னவன் நான்தான். அந்தப் பொண்ணு நான் சொன்னதைத்தான் செஞ்சா."

அவர் கையில் இருந்த மைக் அணைக்கப்படாமல் இருந்தது. ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தப்பித்திருப்பேன்.

ரகுபதி என் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். "கயித்துக்கு அந்தாண்ட போய் நில்லுங்க சார்" என்றார். அவ்வளவுதான். பிறகு ஆறு பேரையும் உட்காரவைத்து, காலையில் நான் பேசவிடாத பேச்சைப் பேசினார். "சார் பேச்சைக் கேட்டு காலையில இதைச் சொல்லாம வுட்டது என் தப்புந்தான்" என்று அதில் ஒரு வரி வந்தது. சுகப்பிரியாவின் நீக்கம் ரத்து. படகில் மோதியதற்காக அவள் மட்டும் வரிசையிலிருந்து ஒரு வண்டி நீளம் பின்னால் நிற்கவேண்டும்.

சுண்டல் தின்றுகொண்டிருந்த கூட்டத்தோடு நானும் நின்றேன். கொடி இறங்கியது. அவள் பறந்தாள். மிதவைக்கு முன்பே எல்லோரையும் தாண்டிவிட்டாள். திருப்பத்தில் பக்கத்து வண்டி நெருங்கி வந்தது. அப்போது அவள் வலது கை ஒரு கணம், ஒரே ஒரு கணம், தளர்ந்ததைப் பார்த்தேன். வண்டி நேராக வழுக்கியது. உடனே இறுக்கிப் பிடித்தாள், வண்டி அழகாகத் திரும்பியது. ஆனால் அதற்குள் இரண்டு பேர் உள்பக்கமாகப் புகுந்து முந்திப் போய்விட்டார்கள். அதன்பிறகு ஒரு திருப்பத்திலும் அவள் தவறவில்லை. மூன்றாவதாக வந்தாள்.

கம்பெனி அதிகாரியிடம் போய்க் கெஞ்சினேன். "ரெண்டு பேருக்குத்தான் இடம் சார்" என்று அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹாஸ்டல் பஸ்ஸில் ஏறுமுன் சுகப்பிரியா என்னிடம் வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். என் வாய்க்கு அது புதிது.

"ரகுபதி சார் சொன்னது நல்லா புரிஞ்சிச்சு சார்" என்றாள். "ஆனா அந்தத் திருப்பத்துல உங்க விசில் சத்தந்தான் காதுல கேட்டிச்சு. போயிட்டு வாரேன்."

பஸ் கிளம்பியது. பாப்பம்மாள் உலர்ந்த சட்டையை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் ஈரச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போனேன்.