அங்கே எல்லாருக்கும் தமிழ் விளங்கும்

வலது காலுக்கு உறை ஏறிவிட்டது. இடது கால்தான் மாட்டேன் என்று அடம்பிடித்தது. கிறேஸ் தகப்பனின் குதிக்காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, வெள்ளைக் காலுறையின் வாயை இரண்டு பெருவிரலாலும் விரித்து இழுத்துக்கொண்டிருந்தபோது ஒழுங்கையில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"மரண அறிவித்தல். மன்னார் பள்ளிமுனையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, முத்துக்குளிப்பின் முதுபெரும் வீரர் சந்தியோகு அவர்கள் நேற்றுக் காலமானார்..."

அவள் கை நின்றுவிட்டது. காலை மெல்ல இறக்கி வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். அறிவித்தல் சொல்லிக்கொண்டு வந்த நிறோஜனின் ஓட்டோ அதற்குள் முடக்கில் திரும்பி, கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பந்தலுக்குள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த புருஷனிடம் போனாள்.

"இஞ்சருங்கோ, உப்பிடி ஆர் எழுதிக் குடுத்தது?"

"நான்தான். ஏன்?" என்றான் றெனால்ட்.

"அப்பா உப்பளத்தில வேலை செய்தவர்."

"அது எனக்குத் தெரியாதோ? ஊருக்கே தெரியும்." றெனால்ட் குரலைத் தாழ்த்தினான். "விடுதி வாசல் போர்டிலயும் ஃபேஸ்புக்கிலயும் முத்து எண்டு போட்டிட்டு, செத்த வீட்டில உப்பு எண்டால் வாறவை என்ன நினைப்பினம்? அறையில நிக்கிற பிரான்சுக்காரரும் பூசைக்கு வரப்போகினம். உனக்கு இப்ப என்ன வந்தது?"

றெனால்ட் கெட்டவன் அல்ல. எதைக் கொடுத்தாலும் ஒழுங்காகக் கொண்டு நடத்துகிறவன், அவ்வளவுதான். முத்து அவனுடைய யோசனையும் அல்ல. அது முழுக்க முழுக்கக் கிறேஸின் கைங்கரியம்.

சண்டை ஓய்ந்து, பள்ளிமுனையில் அடி பருத்து நிற்கும் பழைய பெருக்க மரத்தைப் பார்க்க வெளிநாட்டார் வரத் தொடங்கிய காலத்தில், வீட்டின் முன் அறைகள் இரண்டையும் வெள்ளையடித்து விருந்தாளிகளுக்கு விட்டார்கள். முதலில் வந்த பெண்மணி விறாந்தையில் இருந்த கிழவரைக் காட்டி, இவர் என்ன வேலை செய்தவர் என்று கேட்டாள். உப்பளத்தில் உப்பு வாரினவர் என்று கிறேஸ் உள்ளதைச் சொன்னாள். "ஓ" என்றாள் அந்தப் பெண்மணி. பிறகு மதிலில் படுத்திருந்த பூனையைப் படம் எடுத்தாள்.

ஒரே ஒரு "ஓ". அதுகூடக் கிறேஸுக்குப் பொறுக்கவில்லை. அடுத்து வந்தவர்கள் கேட்டபோது அவள் வாயில் முத்து வந்தது. உடனே கதிரையை இழுத்துக் கிழவருக்குக் கிட்டப் போட்டார்கள். தொலைபேசிகள் எல்லாம் வெளியே வந்தன.

சந்தியோகுவுக்கு ஆங்கிலம் தெரியாது. கேட்கிறார்களே என்ற சந்தோசத்தில் அவர் தன் இளவயதை விரிக்கத் தொடங்கினார். அப்போது உப்பளம் இருந்த கோலம், வெய்யில் ஏற ஏறப் பாத்தியில் பாலாடைபோல் உப்புப் படிவது, மத்தியானத்தில் உப்பின் வெள்ளை கண்ணில் அடித்து இமை திறக்க முடியாமல் கிடப்பது, மழைக்கோடு தெரிந்ததும் பெண்கள் கடகத்தோடு ஓடிவருவது, குவியலுக்குக் கிடுகு வேய்வது, ஏற்றின உப்பு கோச்சியில் தண்டவாளம் வழியே தெற்கே போவது, வேலை ஓய்ந்த பாத்திகளில் பூநாரைகள் வந்து இறங்குவது. கிறேஸ் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, விருந்தாளிகள் பக்கம் திரும்பி, என் தகப்பன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போனவர் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்தக் கதையையும் அவள் கற்பனையாகக் கட்டவில்லை. மூன்று வீடு தள்ளியிருந்த இராசம்மாவின் புருஷன் வஸ்தியாம்பிள்ளைதான் மெய்யாகவே சங்கும் முத்தும் குளித்தவர். சின்ன வயதில் இராசம்மாவின் குசினிக்குள் இருந்து கேட்ட கதைகளைக் கிறேஸ் அப்படியே எடுத்து, கடலில் இடுப்புக்கு மேல் இறங்கியறியாத தன் தகப்பனுக்கு மாட்டிவிட்டாள்.

"வெள்ளைக்காரருக்கு உப்பில நல்ல விருப்பம் பிள்ளை" என்று சந்தியோகு இரவுச் சாப்பாட்டில் சொல்வார். "எங்கட சனம் இப்பிடி ஒருநாளும் கேட்டதில்லை."

அதைக் கேட்டும் அவள் நிறுத்தவில்லை. அறைகள் நிறைந்தன. ஓட்டுக்கூரை போட்டார்கள்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார இளைஞன் கிழவருக்கு முன்னால் குந்தி, தன் மூக்கைப் பொத்திக் காட்டி, நீங்களும் செய்யுங்கள் என்று சைகை செய்தான். சந்தியோகுவுக்கு விளங்கவில்லை. அவன் மறுபடியும் மூக்கைப் பொத்தி, நீந்துகிறவன்போல் கைகளை அளைந்து, விரலால் கீழே கீழே என்று காட்டினான். கிழவரின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. மகளைப் பார்த்தார். கிறேஸ் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். கிழவர் மூக்கைப் பொத்திக் கண்ணை மூடிக்கொண்டார். கையை எடுத்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் உப்பைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. விருந்தாளிகள் வந்தால் தானாகவே வந்து கதிரையில் இருந்து மூக்கைப் பொத்திக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். ஏன் பிள்ளை இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிறேஸ் அழுதாவது தீர்த்திருப்பாள்.

போன கிழமை, படுக்கையில் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோதுதான் வாய் திறந்தார்.

"கோயில்ல வேண்டாம் பிள்ளை."

"எது அப்பா?"

"அந்த முத்து. வெள்ளைக்காரருக்குச் சொன்னது போகட்டும். என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோகேக்க சொல்ல விடாத. அங்க எல்லாருக்கும் தமிழ் விளங்கும்."

"ஓம் அப்பா" என்றாள்.

சவப்பெட்டி கோயிலுக்குள் போனதும் கிறேஸ் கூட்டத்தை விட்டு விலகி, பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனாள். பங்குக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். சொல்லத்தான் போனாள். வசனத்தைக்கூட வழி நெடுகச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"வாங்கோ அம்மா. நானும் உங்களைத்தான் தேடினனான்" என்றார் ஃபாதர். "ஐயாவைப் பற்றிப் பிரசங்கத்தில ரெண்டு வார்த்தை சொல்லோணும். உங்கட விடுதி ஃபேஸ்புக்கில நீங்கள் எழுதினதை வாசிச்சன். அருமையா இருந்தது. முத்துக்குளிச்சவர்தானே?"

கதவடியில் றெனால்ட் நின்றான். அவனுக்குப் பின்னால் பிரான்சுக்காரத் தம்பதி, வெள்ளை உடுப்பும் கூப்பின கையுமாக. அந்தப் பெண் கிறேஸைப் பார்த்துத் துக்கத்தோடு தலையசைத்தாள்.

"ஓம் ஃபாதர்" என்றாள் கிறேஸ்.

சொல்லி முடிந்த பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. வாய்க்கு அது அவ்வளவு பழகிப்போயிருந்தது. இல்லை ஃபாதர் என்று திருப்பிச் சொல்ல ஒரு நொடி போதும். அதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது.

பிரசங்கம் நன்றாக இருந்தது. விண்ணரசு நல்ல முத்தைத் தேடிய வணிகனுக்கு ஒப்பானது என்று தொடங்கிய ஃபாதர், சந்தியோகுவைக் கல்லோடு கடலுக்குள் இறக்கினார். கடலடி இருட்டையும், இடுப்புக் கயிற்றையும், காதில் இரத்தம் வந்ததையும் சொன்னார். கிறேஸ் எழுதிய வரிகள்தான், எழுத்துப் பிசகாமல். கிறேஸ் முன்வரிசை வாங்கிலில் இருந்தபடி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பனோடு பாத்தியில் நின்ற கிழவர்கள் பின்வாங்கில்களில் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் செருமவுமில்லை. யாராவது ஒருவர் எழும்பி, இதென்ன பொய் என்று கேட்டால் நல்லது என்று நினைத்தாள். பள்ளிமுனைச் சனம் செத்த வீட்டில் மரியாதை தவறாது. அந்த மரியாதையில் அவள் கூனிக் குறுகிப் போனாள். தலையைக் கொஞ்சம் திருப்பினாள். தூணடியில் இராசம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

பெட்டியைத் தோளில் ஏற்ற ஆட்கள் கூடியபோது, இராசம்மா பொல்லை ஊன்றி வந்து அவள் கையைப் பிடித்தாள். ஏச்சு வரட்டும் என்று கிறேஸ் நின்றாள். நாலு சனத்துக்கு முன்னால் வாங்கிக் கட்டினாலும் தகும்.

"மாமி..."

"என்ர மனுசன் மடு மாதா கோயில்ல அகதியா இருக்கேக்க செத்தவர், உனக்குத் தெரியும்தானே" என்றாள் இராசம்மா. "ஷெல்லடி. சுவாமி அவசரமாச் செபத்தைச் சொல்லிப்போட்டுப் போயிட்டார். பிரசங்கம் ஒண்டும் இல்லை. இண்டைக்குத்தான் பிள்ளை கேட்டன். கல்லுக் கட்டினது, காது வெடிச்சது, எல்லாம் அப்பிடியே. நான் கண்ணை மூடிக்கொண்டு அவருக்கெண்டே கேட்டன்."

கிறேஸின் முகம் எரிந்தது.

"உன்ர கொப்பருக்குத்தான் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல" என்றாள் இராசம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள். பிறகு கையை விட்டுவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.

சேமக்காலைப் புதைகுழியடியில் எல்லாம் விரைவாக முடிந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்து, செபத்தை முடித்து, தோளில் கிடந்த ஊதாப் பட்டியை மடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். பிரான்சுக்காரர் ஏதோ கேட்டபடி அவரோடு போனார்கள். றெனால்டும் வழிகாட்டப் போனான். சனம் வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டது. கிறேஸ் தன் பிடி மண்ணைப் போடாமல் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியடியில் நின்ற நிறோஜனிடம் போனாள்.

"தம்பி, மைக்கை ஒருக்காத் தா."

"ஐயோ அக்கா, இப்பத்தான் வயரைக் கழட்டிச் சுத்தினனான். திரும்பப் பூட்டட்டோ?"

"வேண்டாம்."

அவள் குழியடிக்குத் திரும்பி வந்தாள்.

"என்ர அப்பா முத்துக்குளிக்கேல்ல" என்றாள். "உப்பளத்தில உப்பு வாரினவர். பதினாறு வயசில போனவர், ஏலாமல் போகுமட்டும் அந்த வேலைதான். கடலில இறங்கத் தெரியாது. அவர் உப்பைத்தான் சொன்னவர். நான்தான் மாத்திச் சொன்னனான்."

அந்தக் குரல் குழியைச் சுற்றி நின்றவர்களைத் தாண்டிப் போகவில்லை. நின்றவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்தான். உப்பளத்தில் சந்தியோகுவோடு உப்பு வாரும் பலகை இழுத்த கிழவர் ஒருவர், அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்தவர்போல, "ஓம் பிள்ளை, எங்களுக்குத் தெரியும்தானே" என்றார். மண் தள்ள நின்றவர்கள் இன்னும் ஏதும் சொல்வாளோ என்று பார்த்தார்கள். பிறகு மண்வெட்டியை எடுத்தார்கள்.

கிறேஸ் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். அங்கே ஃபாதர் தலையாட்டிக் கேட்க, றெனால்ட் இரண்டு கையையும் விரித்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். பிரான்சுக்காரப் பெண் மட்டும் திரும்பி, கிறேஸ் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, ஆறுதலாகக் கையை உயர்த்திக் காட்டினாள்.

கிறேஸும் கையை உயர்த்தினாள். விரல்களுக்குள் இருந்த மண் முழங்கை வழியாக வழிந்து சேலையில் கொட்டியது.