சிவப்புப் பெட்டிக்கு ஒரு தூது

ஆகஸ்ட் 14, புதன்

நேற்றைய பக்கத்தில் "முடிந்தது" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். தவறு. முடியவில்லை. இன்று உரக் கடை வேலையிலிருந்து வந்து கணினியைப் போட்டதும் திரையின் நடுவில் அதே சிவப்புப் பெட்டி, அதே கேடயப் படம். உங்கள் கணினியில் இருநூற்றுச் சொச்சம் கோளாறுகள், உடனே சரிசெய்யுங்கள் என்கிறது. அந்தக் கேடயம் எதையும் காப்பதில்லை. கோளாறு என்று சொல்லிக்கொள்வதே அதன் வேலை. நேற்று அதை வேரோடு பிடுங்கிவிட்டதாக நினைத்தேன்.

கணினிப் பழுது கற்கும் மாலை வகுப்பில் சியாமே சார் எங்களுக்குச் சொல்லியிருப்பது இதுதான்: செய்ததைத் தனியாக எழுது, நடந்ததைத் தனியாக எழுது, தெரியாததைத் தனியாக எழுது, மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழப்பாதே. சரி. செய்தது: நிரல்களின் பட்டியலில் அதை நீக்கினேன். கணினி எழும்போது தானாக எழுபவற்றைப் பார்த்தேன். நேரம் குறித்து வைத்த வேலைகளைப் பார்த்தேன். மிச்சம் மீதிக் கோப்புகளைத் துடைத்தேன். நடந்தது: மறுநாள் திரும்பி வந்தது. இப்படி நடப்பது இது முதல் முறையும் அல்ல. தெரியாதது: எப்படி.

என் ஒருவனுக்கு மட்டும் என்றால் சிவப்புப் பெட்டியோடு வாழ்ந்துவிட்டுப் போவேன். என் மனைவி ம்விலாவுக்குத்தான் கஷ்டம். பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே தபால்வழியில் டிப்ளமா படிக்கிறாள். கடைசித் தேர்வு கணினியில்தான், அதுவும் பதிவு செய்த கணினியில் மட்டும். போன சனிக்கிழமை பாதித் தேர்வில் இந்தப் பெட்டி மேலே வந்து குதித்தது. அவள் வேறு பக்கத்துக்குப் போய்விட்டாள் என்று எண்ணித் தேர்வு தானே மூடிக்கொண்டது. கெஞ்சிக் கடிதம் எழுதியதில் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள். வரும் சனி, பத்து மணி. அதுவும் போனால் ஒரு வருடப் படிப்பு முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். அவள் என்னைத் திட்டவில்லை. "பார்த்துக்கறேன்னு சொன்னீங்களே, லோம்பே அப்பா" என்று மட்டும் சொன்னாள். லோம்பே எங்கள் மகள், மூன்று மாதம். நான் பார்த்துக்கொள்ளும் லட்சணம் இதுதான்.

கணினி முன்னறையில் இருக்கிறது. முன்னறை இந்த மாதத் தொடக்கத்திலிருந்து என் மாமியாருடையது. ம்விலாவின் விடுப்பு முடிந்ததால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தன் ஊரான கசாமாவிலிருந்து வந்திருக்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்தான். அவர்கள் வீட்டில் மாப்பிள்ளைச் சடங்காகக் கோழி சமைத்து என்னை இன்னும் உள்ளே அழைக்கவில்லை. அது நடக்கும்வரை நானும் அவரும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஓர் அறையில் இருக்கக் கூடாது. இப்போது இதையெல்லாம் பலர் பார்ப்பதில்லை. என் மாமியார் பார்ப்பவர். என் செருப்புச் சத்தம் கேட்டால் துணியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். நான் சமையலறைக் கதவு வழியாக வந்து, படுக்கையறையில் தனியாக ன்ஷிமா, அதாவது மக்காச்சோளக் களி, சாப்பிடுகிறேன். அவர் லோம்பேயை முதுகில் கட்டிக்கொண்டு மாலை ஜெபத்துக்குப் போகும் நேரம்தான் எனக்கும் கணினிக்கும்.

வகுப்பில் கேட்டேன். மின்சாரம் இல்லாததால் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். கேட்டிருக்கவே வேண்டாம்.

"எத்தனை தடவை தொரத்தினாலும் வருதா?" என்றான் ன்கோசா. "நாய் மாதிரிதான் அதுவும். யாரோ சோறு போடறாங்க, அதான் வாசலை விட்டுப் போகமாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சோறு போடுவது யார் என்று தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

இத்தனை நாளும் அது ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடினேனே தவிர, அது வரும் வாசலைப் பார்க்கவில்லை. இன்று தரவிறக்கிய கோப்புகள் விழும் இடத்தைத் திறந்தேன். அதே நிறுவும் கோப்பு, ஒன்றின்கீழ் ஒன்றாக, நான் நீக்கிய ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் ஒன்று. நேரம் எல்லாமே காலை பத்து மணி வாக்கில். அது தானாகத் திரும்பி வரவில்லை. யாரோ கூட்டி வந்திருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு ம்விலா பள்ளியில். நான் கடையில் உர மூட்டைகளுக்கு நடுவில். லோம்பேக்குக் கழுத்தே இப்போதுதான் நின்றிருக்கிறது.

ம்விலாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அதனால?"

"நீ ஒரு வார்த்தை கேட்டா..."

"நான் கேக்கணும். 'அம்மா, உங்க மாப்பிள்ளையோட கம்ப்யூட்டரை நீங்கதான் கெடுக்கிறீங்களாம்'னு நான் போய்க் கேக்கணும். நாளைக்குக் காலையில கசாமா பஸ்ல முதல் சீட்ல உக்காந்திருப்பாங்க எங்கம்மா. அப்புறம் உங்க பொண்ணை உர மூட்டை மேல தூங்க வைப்பீங்களா?"

"கெடுக்கிறாங்கன்னு சொல்லலையே."

"நீங்க சொல்லலை. அவங்க காதுல அப்படித்தான் விழும். நான் அவங்க பொண்ணு, புருஷன் வீட்டுக் குறையை நான் தூக்கிட்டுப் போகக் கூடாது. அதுக்குன்னுதானே ஒரு ஆளை வச்சிருக்கோம்?"

அந்த ஆள் கசோண்டே அண்ணன். எனக்காகப் பெண் கேட்டுப் போன தூதர். இரு வீட்டுக்கும் நடுவில் எந்தப் பேச்சு என்றாலும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருக்கிறார். நாளெல்லாம் லாரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார். நான் போனபோது ஒரு சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

"பொண்ணு கேட்டுப் போயிருக்கேன். காணாம போன மாட்டுக்குப் போயிருக்கேன். கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டிங்களுக்குப் போனதுக்குக் கணக்கே இல்லை. கம்ப்யூட்டருக்கு இதான் மொதல் தடவை. தூதுக் காணிக்கை வச்சுக் கொண்டுபோக வெள்ளைத் தட்டு இருக்கா வீட்டுல?"

"பூப்போட்டதுதான் இருக்கு அண்ணே."

"பூப்போட்டது கல்யாணத்துக்கு ஆகாது." கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "கம்ப்யூட்டருக்கு ஆகும்."

நாளை மாலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் செய்வது சரியா என்று தெரியவில்லை. ஒரு நிரலை நீக்க டயர் கடைக்காரரைத் தூது அனுப்பினேன் என்று சியாமே சாரிடம் எந்தத் தலைப்பின்கீழ் எழுதிக் காட்டுவது?

ஆகஸ்ட் 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கசோண்டே அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பூப்போட்ட தட்டில் தூதுக் காணிக்கையாக வெள்ளைப் பாசிமணிகள், மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து. ம்விலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் முன்னறை ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் டிரம் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. புல் எரிக்கும் புகை காற்றில் வந்து கண்ணைக் கரித்தது. தும்மல் வந்துவிடுமோ என்பதுதான் அப்போது என் பெரிய பயம்.

அண்ணன் மண்டியிட்டுக் கைதட்டி வணங்குவது கேட்டது. பிறகு நெடு நேரம் மழையையும் மக்காச்சோளத்தையும் பற்றிப் பேசினார். கடைசியில், "இந்த வீட்டுல ஒரு பெட்டி இருக்கு. அந்தப் பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி, சிவப்பா. அது போறதும் வர்றதுமா இருக்கு. அது யாரு வீட்டு விருந்தாளின்னு மருமகன் பணிவாக் கேட்டுட்டு வரச் சொன்னார்" என்றார்.

கசாமா பஸ் என் கண்முன் வந்து நின்றது.

"போறதுன்னா? அவருக்கும் தெரியுமா அது போகுதுன்னு?" என்றார் மாமியார். இரண்டு வருடத்தில் அவர் பேசுவதை இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. கோபம் இல்லை அந்தக் குரலில். "நானும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன், கசோண்டே. பேத்தியைத் தூங்க வச்சுட்டு அவ போட்டோ பார்க்கலாம்னு கம்ப்யூட்டரைப் போடுவேன். மூலையில சின்னதா ஒரு சிவப்புச் சீட்டு வரும், ஆபத்து, காவலை உடனே போடுங்கன்னு. நான் முப்பது வருஷம் ரயில்வே சரக்கு ஆபீஸ்ல இருந்தவ. சிவப்பைப் பார்த்துட்டு சும்மா போறது எங்களுக்குக் குத்தம். அது சொன்னபடி போட்டு வச்சேன். மறுநாள் பார்த்தா காவல்காரனைக் காணோம். மறுபடி போட்டேன். மறுபடி காணோம். யாரோ ஒரு திருடன் ராவோட ராவா வந்து மருமகனோட கம்ப்யூட்டர்ல இருந்து காவல்காரனைத் தூக்கிட்டுப் போறான்."

திருடன் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

"மருமகன்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா, பொண்ணு வழியாவாவது?"

"உங்க பொருளுக்கு நோவு வந்திருக்குன்னு மாமியார் சொல்லியனுப்பினா என்ன அர்த்தம்? வீட்டை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலைன்னு அர்த்தம். அவர் பாவம், கதவுகூடச் சத்தம் போடாம சாத்தறவர். அதான் நானே வைத்தியம் பண்ணிட்டிருந்தேன்."

அந்தச் சிவப்புக் காவல்காரன்தான் நோயே என்று விளக்க அண்ணனுக்கு நேரம் பிடித்தது. அவருக்கே அது புரிந்ததா என்பது எனக்குச் சந்தேகம். விஷயம் புரிந்ததும் மாமியார், "நான் போட்டதை நானே எடுக்கறேன். எப்படின்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். நாற்காலி இழுபடும் சத்தம். அண்ணன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் வெளியே திரும்பி நின்றபடி ஒவ்வொரு படியாகச் சொன்னேன். அவர் அதைத் தூதுப் பேச்சாக மாற்றி உரக்க உள்ளே சொன்னார். "நிரல் பட்டியலைத் திறங்க" என்று நான் சொன்னால், "அங்கே குடியிருக்கிறவங்க பேரையெல்லாம் வாசலுக்குக் கூப்பிடணுமாம்" என்றார். பெட்டி போயிற்று. இது நான் பலமுறை செய்த வேலைதான். மாமியார் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"கசோண்டே, இதைக் கேளுங்க" என்றார். "பெட்டியை நான் போட்டேன், சரி. அதுக்கு முன்னாடி வந்த அந்த மூலைச் சீட்டை நான் கூப்பிடவே இல்லையே. கூப்பிடாம அது எப்படி வருது? யாரோ ஒருத்தர் வரலாம்னு சொல்லியிருக்கணும் இல்லையா?"

இத்தனை நாள் நான் எழுதிய பக்கங்களில் எங்கேயும் இந்தக் கேள்வி இல்லை. நானும் அந்தச் சீட்டைப் பார்த்திருக்கிறேன். ஈ ஓட்டுவதுபோல மூடிவிட்டுப் போயிருக்கிறேன். பெட்டியைத் துரத்தினேன், சீட்டைத் தொடவில்லை. உலாவியின் செட்டிங்ஸில், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலுக்குப் போகச் சொன்னேன். பட்டியலில் ஒரே ஒரு பெயர். மாமியார் ஒவ்வொரு எழுத்தாக, சரக்கு வண்டி எண் படிப்பவர்போல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"அடடே, அதுவா!" என்று கத்தினார் அண்ணன். "அதுலதானே போன மாசம் நாங்க ரெண்டு பேரும் ஓசியில மேட்ச்..."

அதற்குப் பிறகு இருமினார். நெடு நேரம் இருமினார்.

அது நான்தான். மாமியார் கசாமாவிலிருந்து வருவதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கும் அவசரத்தில், என்ன கேட்கிறது என்று படிக்காமலே "அனுமதி" என்பதை அழுத்தியிருக்கிறேன். தண்ணீர் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யார் ஜெயிச்சது?" என்றார் மாமியார்.

"நம்ம பக்கம் தோத்துடுச்சு அம்மா" என்றார் அண்ணன், ரொம்ப மெதுவாக.

"ம். இங்க ரெண்டு வார்த்தை வருது. தடுக்கணுமா, நீக்கணுமா? கேளுங்க."

அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, "அடிக்கணுமா, தொரத்தணுமான்னு கேக்கறாங்க" என்றார்.

"ஐயோ, அடிக்கிறது இல்லை கசோண்டே! தடுக்கிறதா, நீக்கிறதா?"

"அதான் சொன்னேன், அடிக்கிறதா..."

"தடுக்கவா, நீக்கவா?" என்றது மாமியார் குரல், இந்த முறை நேராக ஜன்னலைப் பார்த்து.

"தடுங்க அத்தை" என்றேன். "நீக்கினா மறுபடி வந்து கேக்கும். தடுத்துட்டா கேக்காது."

சொன்ன பிறகுதான் நேராக அவரிடமே சொன்னது தெரிந்தது. உள்ளே மவுஸ் ஒருமுறை சொடுக்கியது. அடுத்த வீட்டில் லோம்பே சிணுங்குவதுகூடக் கேட்டது.

"இந்த லாரிங்க தொல்லை தாங்கலை" என்றார் அண்ணன். "யார் என்ன பேசினாங்கன்னு ஒரு வார்த்தை என் காதுல விழலை."

சாலையில் லாரி எதுவும் போகவில்லை.

போகும்போது தட்டுகளை என்னிடம் கொடுத்தார். இரண்டும் காலி. மணிகளைக் காணோம். என்ன அர்த்தம் என்று கேட்டேன். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "வச்சுக்கிட்டாங்கன்னு அர்த்தம்" என்றார்.

தெரியாதது: நாளை ம்விலாவின் தேர்வு கடைசிவரை திறந்திருக்குமா. அந்த அனுமதி நான் கொடுத்தது என்று ம்விலாவிடம் யார் சொல்வது. நான் பேசிய ஒரு வார்த்தை எந்தக் கணக்கில் சேரும்.

இருட்டுவதற்கு முன் தண்ணீர் எடுக்கப் போனேன். டிரம் பக்கத்தில், ஜன்னலுக்கு நேர் கீழே, முன்னறையில் கிடக்கும் சின்ன மர முக்காலி இருந்தது. சுவருக்கு முதுகு காட்டி உட்காரும்படி போட்டு, மேலே ஒரு துணியும் மடித்து வைத்திருந்தது.

நாளை: எட்டு மணிக்குக் கணினியைப் போடச் சொல்லவும். மூலையில் சீட்டு வருகிறதா என்று அத்தை பார்ப்பார். ம்விலாவுக்குத் தேர்வு பத்து மணிக்கு. அது முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருக்கவும்.