வாங்குவதற்கு முன் மூன்று இரவுகள்

எனக்குப் பதினெட்டு வயதில் நியூகாசிலில் பல்கலைக்கழக இடம் கிடைத்தபோது அப்பா மறுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். பெண் பிள்ளை வீட்டுக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. அதனால் ஹவுன்ஸ்லோவிலிருந்து கிழக்கு லண்டனுக்கு மூன்று வருடம் தினமும் போய் வந்தேன். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தின் பாதியை பிக்கடில்லி லைன் ட்ரெயினில் நின்றுகொண்டு படித்தேன்.

அதே அப்பாதான் இந்த ஏப்ரலில் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, பழைய வாகனம் விற்கும் நிர்மலனிடம் ஒரு கேம்பர் வான் விலைக்கு வருகிறது, வாங்கப் போகிறேன் என்றார். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. லீவு நாட்களில் குடும்பமாக வெளியே போய்த் தங்கலாமாம்.

அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "பிள்ளையள் ரெண்டு பேரும் ஓம் எண்டாத்தான் நான் ஏறுவன். நீங்கள் தனிய யோசிச்சு வாங்கின ஹொட் டப், அந்தச் சுடுதண்ணித் தொட்டி, இன்னும் பின் வளவுக்கை பாசி பிடிச்சுக் கிடக்குது."

அப்பா என்னைப் பார்த்தார். என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். "நீ என்ன சொல்லுறாய், கோசிகா?"

"வாங்க முதல் அதையே மூண்டு இரவு வாடகைக்கு எடுத்துப் பாப்பம். எங்களுக்குச் சரிவருமோ எண்டு அப்ப தெரியும்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மகள் உதவி செய்கிறாள் என்று நினைத்தார். நான் நினைத்தது வேறு. தங்கச்சி தக்ஷிகாவுக்கு ஷெஃபீல்டில் பொறியியல் இடம் கிடைத்திருந்தது. ஜூன் முதல் கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சொன்ன அதே வசனத்தை, ஒரு சொல் மாறாமல், அவளுக்கும் சொல்லியிருந்தார். மே மாத பாங்க் ஹொலிடே லீவுக்கு அவரை ஒரு தகரப் பெட்டிக்குள் ஏற்றி, மூன்று இரவு தோற்கடித்து, நாலாம் நாள் அந்த வசனத்தைத் திருப்பி வாங்க வைப்பது. அதுதான் என் திட்டம்.

ஏறிய உடனேயே ஒரு தாளை உள்ளே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வான் வேண்டும் என்றவர் வானின் வேலை முழுக்கச் செய்ய வேண்டும்: தண்ணீர் நிரப்புவது, காஸ் மாற்றுவது, கக்கூஸ் டாங்கை ஊற்றிக் கழுவுவது. அம்மா சமைக்கக்கூடாது.

"இதென்ன சட்டம்?" என்றார் அப்பா.

"சரிவருமோ எண்டு பாக்கிறம் அப்பா. அம்மா செய்தா அம்மாவுக்குச் சரிவருமோ எண்டுதான் தெரியும்."

தூரப் போகவில்லை. வான் பழுதானால் ட்ரெயினில் திரும்பலாம் என்று அப்பா தென்கிழக்கு லண்டனிலேயே, மரங்களுக்கு நடுவில் ஒரு கேம்பிங் இடத்தைப் பார்த்திருந்தார். சவுத் சேர்க்குலர் ரோட்டில் பஸ்சுக்கு விலத்தி விலத்தி அவர் ஓட்டி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அம்மா சட்டத்தை மதித்தவர் இல்லை. ரைஸ் குக்கர், பத்துக் கிலோ அரிசி, மூன்று டப்பா கோழிக்கறி, இடியப்ப உரல் எல்லாம் ஏற்றியிருந்தார். போய்ச் சேர்ந்ததும் ரைஸ் குக்கரையும் கேத்திலையும் ஒன்றாகப் போட்டார். வானில் கரண்ட் போய்விட்டது. அப்பா இருட்டில் பிளாஸ்டிக் மூடிகளைத் தட்டித் தட்டிச் சுவிட்சைத் தேடினார். நான் போன் லைட்டைப் போடாமல் இருந்தேன்.

இரண்டாம் நாள் விடிய ஐந்தரை மணிக்கு ஏதோ இழுபடும் சத்தம். யன்னலால் பார்த்தேன். அம்மா ஹவுஸ்கோட்டுடன் கக்கூஸ் டாங்கை இழுத்துக்கொண்டு போனார். ஓடிப்போய் மறித்தேன்.

"அதை வையுங்கோ அம்மா."

"ஆரும் எழும்ப முதல் ஊத்திப்போட்டு வாறன்."

"அது அப்பாவின்ரை வேலை."

"அந்தாள் இதெல்லாம் செய்யுமே? விடு பிள்ளை."

நான் விடவில்லை. பறித்துக்கொண்டு வந்து அப்பாவின் கட்டில் காலடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண் விழித்தார்.

"என்ன மணக்குது?"

"உங்கட வான்."

கையுறை போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். குனிந்து போன அந்த முதுகு எனக்கு இனித்தது. ஆனால் இருபது நிமிடத்தில் பக்கத்து வான் வெள்ளைக்காரருடன் சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பி வந்தார். "நேராப் பிடிச்சா சிந்தாது. லேசான வேலைதான்." அடுத்த நாள் சொல்லாமலே செய்தார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மடக்குக் கதிரையில் இருந்து, அவர் போட்ட தேத்தண்ணியைக் குடித்தார். அம்மா சும்மா இருந்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை. எனக்கும் மேல்தட்டுப் படுக்கையில் நல்ல நித்திரை வந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

மூன்றாம் நாள் பின்னேரம் நாலு பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம்.

"சொல்லு பிள்ளை," என்றார் அப்பா. "சரிவருமோ?"

"ரெண்டு இரவு வீட்டுக்கு வெளியில படுத்தனாங்கள். எனக்கும் தக்ஷிகாவுக்கும் என்ன நடந்தது?"

அவருக்கு விளங்கிவிட்டது. மேசையைக் கையால் தடவினார். பிறகு மெல்லச் சொன்னார். "நீ வானுக்கு ஓம் எண்டு சொல்லு. நான் இவளை ஷெஃபீல்டுக்கு விடுறன்."

இவ்வளவுதானா? மானம், ஊர் கதைக்கும், பெண் பிள்ளை என்று என் மூன்று வருடத்தை மறித்த அந்தப் பெரிய நியாயம், ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளக் கூடிய ஒரு சாமான்தான். எட்டு வருடத்துக்கு முதல் பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"தேவையில்லை அப்பா," என்றாள் தக்ஷிகா. "நேற்றே அக்செப்ட் பண்ணிட்டன்."

"ஆரைக் கேட்டு?"

"அந்த வெப் பக்கத்தில உங்களைக் கேக்கிற பெட்டி ஒண்டும் இல்லை. என்ரை பேரும் பட்டனும்தான்."

"நான்தான் அமத்தச் சொன்னனான்," என்றார் அம்மா. "நீங்கள் கத்துறதெண்டா என்னோட கத்துங்கோ."

அப்பா கத்தவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அன்று எனக்கும் அதே பட்டன் இருந்தது. நான் அழுது முடியும் வரைக்கும் அப்போது அம்மா குசினியில் பாத்திரம் கழுவினார். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். "உனக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை, பிள்ளை," என்றார்.

அப்பாதான் திரும்பக் கேட்டார். "அப்ப வான்?"

வான் எங்களுக்குச் சரிவரும். படுக்கை போதும், அப்பா ஓட்டப் பழகிவிட்டார், வேலையும் செய்கிறார், அம்மா சிரிக்கிறார். அது எல்லாம் எனக்குத் தெரியும்.

"சரிவராது," என்றேன்.

"ஏன்?"

"எனக்கு விருப்பமில்லை."

"அக்கா..." என்றாள் தக்ஷிகா. நான் திரும்பவில்லை. அம்மா கதிரைக்குக் கீழே காலால் செருப்பைத் தேடினார். அப்பாவுக்கு மட்டுமில்லை, அன்று குசினியில் நின்ற அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அதைச் சொன்னேன்.

அடுத்த நாள் ஹவுன்ஸ்லோவில் வானைத் திருப்பி விட்டபோது நிர்மலன் ஒப்பந்தத் தாளுடன் வந்தார். "அப்ப எழுதுவமே அண்ணை? இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கினம்."

"வேண்டாம், நிர்மலன். மூத்த மகளுக்கு விருப்பமில்லை."

நிர்மலன் சிரித்தார். "என்ன அண்ணை, உங்கட வீட்டில இப்ப பிள்ளையளே முடிவெடுக்கிறது?"

அப்பா வான் திறப்புக் கொத்தை அவர் கையில் வைத்தார். "ஓம்," என்றார். "அவளைக் கேக்கத்தான் வேணும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லுவேன் என்பதுபோல. நான் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு, அங்கே விட்டுப் போயிருந்த எங்கள் காருக்கு நடந்தேன்.