பக்கம் பார்க்காமல் பேசிய இரண்டு நிரல்கள்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்தில் தொடங்கியது: 'வேறு எவரும் நுழைந்திருக்க வாய்ப்பில்லை.' அவ்வளவு உறுதியாகச் சொன்னவள் யார் என்று பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ஆஸ்பத்திரியின் கணினி அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்த அந்த

(வேண்டாம். எல்லாக் கணினி அறையிலும் ஏசி உறுமும்.)

2

நேராகவே சொல்கிறேன். அவள் ஒரு ஆஸ்பத்திரியின் கணினிகளைக் கவனித்துக்கொள்பவள். அங்கே ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவை யாரோ திருத்தியிருந்தார்கள். தவறான மருந்து போய், அவர் பிழைத்தது மறுபிழைப்பு. திருத்தம் நடந்தது மூத்த டெக்னீஷியனின் கணக்கிலிருந்து. "நான் தொடவே இல்ல," என்றாள் டெக்னீஷியன். விசாரணைக் குழு கணினிக்காரியைக் கேட்டது.

"அவங்க பாஸ்வேர்டு இல்லாம வேற யாராலயும் முடியாது சார்."

டெக்னீஷியனின் பதினாறு வருட வேலை அன்றோடு போயிற்று.

3

நான்கு மாதம் கழித்து, பழுது பார்க்கும்போது கணினிக்காரி அதைக் கண்டாள். பரிசோதனைக் கூடத்தின் கணினிக்குள் கண்ணில் படாமல் இரண்டு நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று முடிவுகளை வாங்கும். மற்றது சேமித்து வைக்கும். வாங்குவது, ஒவ்வொரு முறையும் ஊழியரின் கடவுச்சொல்லைச் சேமிப்பதிடம் எழுத்து எழுத்தாக, மறைக்காமல் ஒப்பித்தது. ஒரே கணினிக்குள்தானே என்ற நினைப்பு. பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள், இவை பார்க்கவில்லை. அந்தக் கணினியில் நுழைய முடிந்த யாரும் ஒட்டுக்கேட்கலாம். தடயம் இருக்காது.

(திடுக்கிட்டாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் முதலில் தன் கணக்கில் ஒரு முடிவைப் பதிந்தாள்; பிறகு அதே கணினியில் வரவேற்பு மேசையின் கணக்கில் நுழைந்து ஒட்டுக்கேட்டுப் பார்த்தாள். அவளுடைய கடவுச்சொல்லே திரையில் வந்து நின்றது.)

"சரி பண்ணிடும்மா," என்றார் மேலாளர். "முடிஞ்சதைக் கிளறினா நமக்குத்தான் தலைவலி."

சரி பண்ணினாள். அந்தப் பேச்சு வேறு யார் காதிலும் விழாதபடி பூட்டினாள். பிறகு கிளறவும் செய்தாள்: விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதி, அதன் நகலோடு டெக்னீஷியன் வீட்டுக்குப் போனாள்.

4

டெக்னீஷியன் வாசலில் நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"இது உனக்கு அப்பவே தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுக்கா."

"அப்ப தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே. முடியாதுன்னு ஏன் சொன்னே?"

(கணினிக்காரிக்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன்: "அந்த நேரத்துல எனக்கு" — அவள் வாயில் அது நிற்கவில்லை.)

5

குழு மறுபடி விசாரிக்க ஒப்புக்கொண்டது. இருவரும் ஒரே பெஞ்சில், நடுவே ஒரு ஆள் இடம் விட்டு, காத்திருக்கிறார்கள்.

திருத்தியது யார்? ஒரு வரைவில் மேலாளர். இன்னொன்றில் வரவேற்பு மேசைக்காரர். மூன்றாவதில் டெக்னீஷியனேதான். மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின. எனக்கு உதைத்தது அதுதான். கிழித்துப் போட்டேன்.

கதவு திறக்கிறது. கணினிக்காரியை உள்ளே கூப்பிடுகிறார்கள். கேள்வி கேட்கிற நாற்காலியில் இனி நீங்கள் உட்காருங்கள். யார் என்று கேட்டால் 'தெரியாது' என்பாள். அதற்கு மேல் துருவாதீர்கள். எனக்கும் தெரியாது.